6 கிலோ ரைஃபிளோட 14 கிலோமீட்டர் நடக்கணும்னா எந்த ஸ்லிங் வாங்கலாம்?

தம்பி, நீங்க கேட்டிருக்கிறது "நல்ல ஸ்லிங் ஒண்ணு சொல்லுங்கண்ணா"ன்னு ஒரே வரி (ஸ்லிங்னா ரைஃபிள தோள்ல மாட்டுற வார்), ஆனா அதுக்கு மேல எழுதியிருக்கிறத படிச்சா உண்மையான கேள்வி வேற. நியூசிலாந்துல துப்பாக்கி லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகுது, செகண்ட் ஹேண்ட்ல கனமான குழல் வெச்ச, .300 வின் மேக்ங்கிற பலமான தோட்டா போடுற ரைஃபிள் ஒண்ணு வாங்கியிருக்கீங்க, ஸ்கோப்பு, சத்தத்தக் குறைக்கிற சப்ரஸர், குழலுக்கு முட்டுக் குடுக்கிற ரெண்டு கால் பைபாட் எல்லாம் சேத்து எடை போட்டா 6 கிலோவ தொடுது. போன மாசம் அத வலது தோள்ல மாட்டிக்கிட்டு முதுகுல 16 கிலோ பையோட ஆத்தோரமாவே 14 கிலோமீட்டர் உள்ள நடந்து ஹட்டுக்கு, அதான் காட்டுல தங்குற குடிலுக்கு, போயிருக்கீங்க, போய்ச் சேரும்போது தோள்பட்டை எரியுது, கழுத்து ஒரு பக்கம் திரும்ப மாட்டேங்குது, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போச்சு, மறுநாள் காலையில மான் எதிர்ல வந்து நின்னப்ப கை நடுங்கினதால சுடாமலேயே விட்டுட்டீங்க. சுடாம விட்டது ரொம்ப நல்ல முடிவு, அத முதல்ல சொல்லிடுறேன். ஆக நீங்க கேக்குறது எந்த வார் வாங்குறதுன்னு இல்ல, இவ்வளவு கனத்தையும் சுமந்து அவ்வளவு தூரம் நடந்துட்டு, போய்ச் சேர்ற இடத்துல ஒழுங்கா ஒரே ஒரு குண்டு சுடுற நிலைமையில உடம்ப எப்படி வெச்சுக்கிறது, அதான். ஆத்தக் கடக்கும்போது ரைஃபிள எப்படி வெச்சுக்கிறதுன்னும் கடைசியில ஒரு வரி இருக்கு, அதுக்கும் வர்றேன்.

நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல 15 வருஷம் காலாட்படையில இருந்தவன். நீலகிரி வெலிங்டன்ல ரெக்ரூட்டா சேந்த நாள்லேந்து ரைஃபிள் தூக்கி நடந்ததுதான் வேலை. அப்புறம் குடும்பத்தோட கிரைஸ்ட்சர்ச் வந்து 12 வருஷம் ஆச்சு, அதுல 10 சீசனா சதர்ன் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் மானுக்கும் தாருங்கிற மலை ஆட்டுக்கும் நடக்கிறேன். டாக்டர் இல்ல, பிசியோ இல்ல, இந்தச் சாமான் விக்கிற ஆளும் இல்ல. நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் இந்த மாதிரி வேட்டைக்கே இடமில்ல, அது சரியும்கூட, அதனால இத தமிழ்ல கேட்டா பதில் சொல்ல ஆள் கிடைக்கிறது கஷ்டம்னு எனக்குத் தெரியும். இங்க கதை வேற. வௌவால தவிர நிலத்துல வாழ்ற பாலூட்டியே சொந்தமா இல்லாத நாடு இது, மான், தார், ஷாமிங்கிற இன்னொரு மலை விலங்கு எல்லாமே வெள்ளைக்காரங்க கப்பல்ல கொண்டுவந்து விட்டது, அதுங்க பெருகி மேயுறத இந்தக் காடும் புல்வெளியும் தாங்காது, அதனாலதான் பொது நிலத்துல வேட்டையாட பெர்மிட்ட காசில்லாமலேயே குடுக்கிறாங்க.

என் பதில் முழுக்க ஒரே விஷயத்து மேலதான் நிக்குது. வேட்டைக்குப் போற நாள்ல ரெண்டு விதமான நேரம் இருக்கு. ஒண்ணு நடக்கிற நேரம், அதாவது வண்டிய நிறுத்தின இடத்துலேந்து ஹட்டு வரைக்கும், இல்லன்னா ஹட்டுலேந்து மேட்டு விளிம்பு வரைக்கும். இன்னொண்ணு தேடுற நேரம், மான் எங்க வேணா நிக்கலாம்ங்கிற இடத்துக்கு வந்து காத்து பாத்து ஒவ்வொரு அடியா வெக்கிறது. நீங்க பண்ணின தப்பு, நானும் இங்க வந்த புதுசுல பண்ணின தப்பு, ரெண்டுக்கும் ஒரே மாதிரி ரைஃபிள தூக்கினது. 14 கிலோமீட்டர்ல கடைசி 2 கிலோமீட்டர் தவிர மீதி எல்லாம் வெறும் நடை. அந்த நடையில ரைஃபிள் ஆயுதம் இல்ல, சுமை. சுமைய சுமை மாதிரி கட்டித் தூக்கணும். பட்டாளத்துல இருந்தவனுக்கு இது மனசுல ஏற ரொம்ப நாள் ஆகும், ஏன்னா அங்க எந்த நிமிஷமும் கையில இருக்கணும்னு பழக்கியிருப்பாங்க, பிபிஇடிங்கிற பட்டாளத்து உடல்தகுதித் தேர்வு ஓட்டத்துல 5 கிலோமீட்டரும் ரைஃபிளோடதான் ஓடுவோம், அங்க அதுக்குக் காரணம் இருக்கு. மான் திருப்பிச் சுடாது. அது தெரிஞ்சும் முதல் ரெண்டு சீசன் நான் மணிக்கணக்கா கையில பிடிச்சுக்கிட்டே நடந்தேன்.

சரி, ஏன் வலிக்குதுன்னு பாப்போம், இதுல நிச்சயமா சொல்லக்கூடியது நெறைய இருக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு ரைஃபிள தோள்ல மாட்டிப் பாருங்க, லோடு இல்லன்னு ரெண்டு தடவ பாத்துட்டு. அஞ்சு நிமிஷத்துல அந்தத் தோள் இன்னொண்ண விட மேல ஏறியிருக்கும். யாரும் சொல்லிக் குடுக்காமலேயே உடம்பு அப்படிப் பண்ணும், ஏன்னா தோளுங்கிறது வெளிப்பக்கம் சரிவா இருக்கு, வார் நழுவும், நழுவக் கூடாதுன்னு கழுத்துலேந்து தோளுக்கு வர்ற தசைய இறுக்கிப் பிடிச்சு தோளத் தூக்கி வெச்சுக்கிறோம். 6 கிலோ கனம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தசை நாலு மணி நேரம் ஒரு நொடிகூட தளராம இருந்ததுதான் எரிச்சலா வருது. முதுகுல பை வேற இருந்தா பையோட வார் ஏற்கனவே தோள்ல நல்ல இடத்தப் பிடிச்சுக்கும், ரைஃபிள் வார் அதுக்கு வெளியில, விளிம்புலதான் உக்காரும், இன்னும் மோசம். விரல் மரத்துப்போனது அதுக்கு அடுத்த கட்டம். கழுத்துலேந்து கைக்கு வர்ற நரம்புக்கத்தை காரை எலும்புக்குக் கீழ புகுந்துதான் வருது, தோள் வார் அங்க மணிக்கணக்கா அழுத்தினா கை பலவீனமாகிறது பட்டாளத்து டாக்டருங்க நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கிற கோளாறு, பையால வர்ற வாதம்னே அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேர் உண்டு. உங்களுக்கு வந்தது அதுதான்னு நான் சொல்ல முடியாது. ஆனா மரமரப்பு இன்னும் இருந்தாலோ, பிடி தளந்தாலோ, கைய மேல தூக்க சிரமமா இருந்தாலோ அடுத்த ட்ரிப்ப தள்ளிப் போட்டுட்டு டாக்டரப் பாத்துடுங்க, இதுல வீம்பு வேண்டாம்.

கனம் உடம்புல எங்க இருக்குங்கிறதும் எவ்வளவுங்கிற அளவுக்கே முக்கியம். 1969ல அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்காரங்க சூல், கோல்ட்மேன்னு ரெண்டு பேர் ஆளுங்கள தலையில, கையில, கால்ல எடை வெச்சு நடக்க விட்டு, மூச்ச அளந்து எவ்வளவு சக்தி செலவாகுதுன்னு பாத்தாங்க. கையில தூக்குற கனத்துக்கு, அதே கனம் உடம்போட ஒட்டி இருக்கிறத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரைக்கும் போச்சு, கால்ல கட்டினா நாலுலேந்து ஆறு மடங்கு, தலையில வெச்சா ரொம்பக் கொஞ்சம்தான் கூடுச்சு. நம்ம வீட்டுப் பொம்பளைங்க சும்மாடு சுத்தி வெச்சு தலையில புல்லுக்கட்டோட வரப்புல நிமிந்து நடந்ததுக்கு உள்ள கணக்கு இதான். ரைஃபிள தலையில வெக்க முடியாது, அதனால அடுத்த நல்ல இடம் இடுப்பு. நல்ல பையோட இடுப்பு பெல்ட்ட இடுப்பெலும்பு மேல சரியா உக்கார வெச்சு இறுக்கினா கனத்துல பெரும்பங்கு எலும்பு வழியா காலுக்குப் போயிடும், தோள் சும்மா பைய சாயாமப் பிடிச்சுக்கிற வேலைய மட்டும் பாக்கும். ஆக நடக்கிற நேரத்துல ரைஃபிளோட கனத்த எப்படியாவது இடுப்பு பெல்ட்டுக்குக் கொண்டு போகணும். அத எந்த ஸ்லிங்கும் பண்ணாது, எவ்வளவு விலை குடுத்து வாங்கினாலும்.

அதுக்கு மூணு வழி இருக்கு, மூணையும் நான் பல சீசன் பண்ணிப் பாத்திருக்கேன். பையோட பக்கவாட்டுல, கீழ இருக்கிற பாக்கெட்ல இல்லன்னா தனியா தச்ச ஒரு கிண்ணம் மாதிரி பையில ரைஃபிளோட பட்ட, அதான் சுடும்போது தோள்ல வெக்கிற பின்பகுதிய, இறக்கி, மேல ரெண்டு வார் போட்டு இறுக்கிக் கட்டுறது முதல் வழி. செலவு குறைவு, உங்க பையிலேயே முடியும். ஆனா 6 கிலோ ஒரே பக்கம் தொங்கினா பை அந்தப் பக்கம் இழுக்கும், ஒரு மணி நேரத்துல இடுப்புல தெரியும், அதனால தண்ணி, டின் சாப்பாடு, கேஸ் எல்லாத்தையும் எதிர்ப்பக்கம் வெச்சு காவடி மாதிரி சமம் பண்ணிக்கணும். ரெண்டாவது, பையோட நடுவுல முதுகெலும்புக்கு நேரா உறை வெச்ச பை. சமநிலை அருமையா இருக்கும், ஆனா முதுகுலேந்து கனம் தள்ளிப் போறதால பின்னாடி இழுக்கும், குழல் தலைக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கும். இந்த ஊர் பீச் மரக் காட்டுல ஒவ்வொரு தாழ்ந்த கிளையிலயும் மாட்டும், வெஸ்ட் கோஸ்ட் பக்கம்னா சப்பிள்ஜாக் கொடி பிடிச்சு இழுத்து ஆளையே உக்கார வெச்சுடும். உங்க ரைஃபிளுக்கு நீளம் ஜாஸ்தி, அதனால ஆத்தோரத் திறந்த வெளிக்கு சரி, காட்டுக்கு வேண்டாம். மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது. இடுப்பு பெல்ட்லேந்து ஒரு சின்ன வார் தொங்கும், அதுல பட்ட வெக்கணும், பையோட தோள் வார்ல ஒரு கொக்கி வார், அதுல குழலோட நடுப்பகுதி. ரைஃபிள் உடம்போட ஒட்டி பக்கவாட்டுல நிமிந்து நிக்கும், கனம் முழுக்க பெல்ட்ல, ரெண்டு கையும் சும்மா, கொக்கிய ஒரு இழுப்பு இழுத்தா ரைஃபிள் கையில. இதுக்குன்னு தனியா விக்கிறாங்க, ஆனா நான் பயன்படுத்துறது பழைய பை வார வெட்டி வீட்டுல தச்சது, ஏழு வருஷமா தாங்குது. இதுலயும் குறை இருக்கு, செங்குத்தா ஏறும்போது முழங்கால் தூக்குறப்ப பட்டு இடிக்கும், அப்ப பக்கவாட்டுக் கட்டுக்கு மாத்திடுவேன்.

பைல கட்டிட்டா திடீர்னு மான் வந்தா என்ன பண்றதுன்னு எல்லாரும் கேப்பாங்க. வரும். லேக் சம்னர் பக்கம் ஒரு காலையில ஆத்துத் திட்டுல திரும்பினேன், 40 மீட்டர்ல ஒரு பொட்டை மான், மட்டகோரி முள்ளுப் புதருக்குப் பக்கத்துல காத முன்னாடி வெச்சுக்கிட்டு என்னையே பாக்குது, ரைஃபிள் முதுகுல நாலு வாரால கட்டியிருக்கு. அரை நிமிஷம் பாத்துட்டு அது நிதானமா நடந்து போயிடுச்சு. பத்து சீசன்ல இந்த மாதிரி மூணு நாலு தடவ ஆகியிருக்கு. அதே பத்து சீசன்ல கையும் மூச்சும் சரியா இருந்ததால விழுந்த மான் அத விட எவ்வளவோ ஜாஸ்தி, அதனால எனக்கு வருத்தம் இல்ல.

இன்னொண்ணு, ட்ராக்ல நம்மள மாதிரி வேட்டைக்காரங்க மட்டும் நடக்கிறதில்ல, குழந்தைங்களோட ட்ரெக்கிங் வர்றவங்களும் இருக்காங்க. ரைஃபிள் பைல கட்டியிருக்கும்போது சேம்பர், அதான் குழலுக்குப் பின்னாடி தோட்டா உக்கார்ற இடம், காலியா இருக்கணும்ங்கிறது பேச்சுக்கே இடமில்லாதது, நான் அதுக்கும் மேல சேம்பர மூடுற போல்ட்ட கழட்டி பேண்ட் பாக்கெட்ல வெச்சுப்பேன், தோட்டா அடுக்குற மேகசின் தனியா. நீங்க குனிஞ்சு ஒரு விழுந்த மரத்துக்குக் கீழ புகுந்தா முதுகுல இருக்கிற குழல் முன்னாடி போறவரோட முதுகுக்கு நேரா திரும்பும், நீங்க அத பாக்கவே முடியாது. லைசென்ஸ் பாடத்துல முதல் ரெண்டு விதி என்னன்னு ஞாபகம் இருக்குமே, எல்லா துப்பாக்கியும் லோடு ஆனதாவே நெனச்சு நடத்து, எப்பவும் ஆபத்தில்லாத பக்கம் நீட்டு. ரெண்டாவது விதிய நடையில நூத்துக்கு நூறு காப்பாத்துறது மனுஷனால ஆகாது, அதனாலதான் போல்ட் பாக்கெட்ல. திரும்பி வண்டிக்கு வந்ததும் மேகசின்ல தோட்டா இருக்கான்னு பாருங்க, இங்க வண்டிக்குள்ள மேகசின்ல தோட்டாவோட துப்பாக்கி இருந்தாலே சட்டப்படி குத்தம்.

இப்ப கனத்தையே குறைக்கிற பேச்சு. உங்க 6 கிலோவுல எது எங்க இருக்குன்னு பிரிச்சுப் பாருங்க. பைபாட் 400 கிராம் பக்கம் இருக்கும், நடக்கும்போது அது குழலுக்குக் கீழ தொங்க வேண்டிய அவசியமே இல்ல, பைக்குள்ள போகட்டும், தேவைப்பட்டா பையே உங்களுக்கு ரெஸ்ட். சப்ரஸர் குழல் நுனியில உக்காந்திருக்கு, நுனியில இருக்கிற அரை கிலோ பட்டுக்குப் பக்கத்துல இருக்கிற அரை கிலோ மாதிரி இல்ல, துலா மரம் மாதிரி தூரம் கூடக் கூட இழுப்பு கூடும், அதனால நடையில அத கழட்டி சாக்ஸுக்குள்ள போட்டு பைல வெச்சுடுங்க, ரைஃபிளோட நீளமும் அந்த அளவுக்குக் குறையும். ஆனா ஸ்கோப்ப ஜீரோ பண்றது, அதான் குறி வெக்கிற இடத்துலயே குண்டு விழுற மாதிரி சரி பண்றது, எப்பவும் சப்ரஸர் மாட்டின நிலையிலதான் இருக்கணும், கழட்டி மாட்டினா குண்டு அதே இடத்துல விழுதான்னு ரேஞ்சுல நாலஞ்சு தடவ பண்ணிப் பாத்து மனசு சமாதானம் ஆன பிறகுதான் மலையில நம்பணும். இது ரெண்டும் போனாலே ரைஃபிள் 5 கிலோவுக்குப் பக்கம் வந்துடும்.

லேசான ரைஃபிளுக்கு மாறிடலாமான்னு அடுத்து யோசிப்பீங்க. இதுல ஆளாளுக்கு அபிப்பிராயம் வேற, நான் சொல்றது என் தீர்ப்பு மட்டும். 3 கிலோவுல .308ங்கிற உதை கம்மியான தோட்டா போடுற ரைஃபிள் தாராளமா கிடைக்குது, காட்டுக்குள்ள 100 மீட்டருக்குள்ள சுடுறவங்களுக்கு அது போதும், உங்க ரைஃபிள் அந்த வேலைக்கு பொருத்தமே இல்ல. ஆனா அதே .300 வின் மேக்க 3 கிலோ துப்பாக்கியில போட்டா உதை தாங்காது, உதைக்குப் பயந்து ட்ரிக்கர இழுக்கும்போதே கண்ண மூடுற பழக்கம் வந்துட்டா அத விடுறது ரொம்பக் கஷ்டம். கனமான குழல் மூச்சு வாங்குற நேரத்துலயும் ஆடாம நிக்கும், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பாறையில நிக்கிற தாருக்கு அது வேணும். நானா இருந்தா இந்த ரைஃபிள மேட்டுக்கு வெச்சுக்கிட்டு முதல்ல பையிலேந்து ஒரு கிலோ குறைப்பேன். 16 கிலோ பைங்கிறது ரெண்டு ராத்திரிக்கு ஜாஸ்தி தம்பி, ஹட்டுல மெத்தை இருக்கு, உங்களுக்கு மேட் எதுக்கு?

ஸ்லிங் பத்தியும் சொல்லாம விட மாட்டேன், தேடுற நேரத்துல அது வேணும், ரெண்டு கையும் வெச்சு ஏற வேண்டிய இடத்துலயும் வேணும். அகலம் 4, 5 சென்டிமீட்டர் இருந்தா போதும், அதுக்கு மேல அகலம்னா பை வாரோட சண்டை போடும். நியோப்ரீன் மாதிரி இழுத்தா நீளுற பொருள் கடையில மாட்டிப் பாக்க சுகமா இருக்கும், ஆனா நடையில ஒவ்வொரு அடிக்கும் ரைஃபிள் துள்ளும், துள்ளுற கனம் இன்னும் கனம். இதுல என் கூட வர்ற ரெண்டு பேர் எனக்கு நேர் எதிரா சொல்வாங்க, அதனால இத உங்க தோள்தான் முடிவு பண்ணணும். சந்தேகமே இல்லாதது, உள்பக்கம் வழுக்காத சொரசொரப்பு இருக்கணும், வார் நழுவலன்னா தோள் தானா தூக்கிக்காது, வலிக்கு ஆரம்பமே அங்கதானே. அதுக்கு ஒரு மலிவான வழி, பையோட தோள் வார்ல வெளி விளிம்புல ஒரு பெரிய கோட் பட்டன தடிச்ச நூலால தச்சுடுங்க, ஸ்லிங் அதத் தாண்டி நழுவாது. மாட்டுற வளையம் ரைஃபிளுக்கு அடியில இருக்கிறதால ஸ்கோப்போட கனம் மேல நின்னு ரைஃபிள் பொரண்டு பொரண்டு முதுகுல இடிக்கும், வளையத்த ஸ்டாக்கோட (ரைஃபிளோட கட்டைப் பகுதியோட) பக்கவாட்டுல வெச்சா தட்டையா படுக்கும், துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்தா செஞ்சு தருவாரு. பயத்லான் பந்தயத்துல பனிச்சறுக்கு ஆடுறவங்க ரெண்டு தோள் வார்ல, புத்தகப் பை மாதிரி ரைஃபிள மாட்டிக்கிறத பாத்திருப்பீங்க, குறைஞ்சபட்சம் 3.5 கிலோ இருக்கணும்னு அவங்களுக்கு விதியே இருக்கு, அதோட ஓடுறாங்க. அது நல்ல அமைப்புதான், ஆனா முதுகுல பை இல்லாதவங்களுக்கு. ஹட்டுல பைய வெச்சுட்டு பகல்ல சும்மா மேல ஏறுற நாளுக்கு வேணா யோசிக்கலாம்.

வளையத்தப் பத்தி பேசும்போது ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், எனக்கு இன்னைக்கும் மனசுல உறுத்துறது. நாலாவது சீசன், முன்பக்க வளையத்தோட திருகு நடையில பொரண்டு பொரண்டு கொஞ்சம் கொஞ்சமா தளந்திருக்கு, நான் பாக்கல. சரளைச் சரிவுல ஏறும்போது கழண்டு ரைஃபிள் பாறையில விழுந்துச்சு. ஸ்கோப்ப தொட்டுப் பாத்தேன், ஆடல, கண்ணாடி உடையல, சரின்னு விட்டுட்டேன். மறுநாள் காலையில 180 மீட்டர்ல ஒரு மான சுட்டேன், குண்டு கீழ இறங்கி முன்னங்கால்ல பட்டுச்சு. நாலு மணி நேரம் ரத்தத்தத் தொடர்ந்து போய்த்தான் அத முடிக்க முடிஞ்சுது. அந்த நாலு மணி நேரம் அந்த உயிர் பட்ட பாடு என் சோம்பேறித்தனத்தால. அதுலேந்து ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முந்தின ராத்திரி ரெண்டு வளையத்தையும் திருப்பிப் பாத்து இறுக்குவேன், ரைஃபிள் எங்கயாவது விழுந்தா பத்திரமான இடமா பாத்து ஒரு அட்டைய வெச்சு சுட்டு ஜீரோ பாப்பேன், சத்தத்துல மான் ஓடுச்சுன்னா ஓடட்டும், பாக்க முடியாத இடம்னா அந்த ட்ரிப்புல சுடுறதில்ல. நீங்களும் அப்படியே பண்ணுங்க.

தேடுற நேரத்துல ரைஃபிள் கையிலதான். ரெண்டு கையாலயும் மார்புக்குக் குறுக்க பிடிக்கிறதுதான் கட்டுப்பாடு, ஆனா 5 கிலோவ அப்படி அரை மணி நேரத்துக்கு மேல பிடிச்சா முன்னங்கை நடுங்க ஆரம்பிக்கும். என்சிசியில இருந்திருந்தா தோல் சஸ்த்ர் ஞாபகம் இருக்கும், சமநிலைப் புள்ளியில ஒரு கையால பிடிச்சு கால் பக்கத்துல தொங்கவிட்டு நடக்கிறது, சமதளத்துல அது நல்ல ஓய்வு. ஸ்கோப்பு சரியா அந்தப் புள்ளிக்கு மேலயே உக்காந்திருந்தா பிடிக்க கை நுழையாது, அப்ப மடிச்ச முழங்கையில குழந்தைய ஏந்துற மாதிரி ஏந்திக்கலாம், ஆனா அப்ப குழல் பக்கவாட்டுல நீளும், பக்கத்துல ஆள் இருந்தா கூடாது. எதுவா இருந்தாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க, வலது கை, இடது கை, தோள், மறுபடி கை. வலி வந்த பிறகு மாத்துறதுல பிரயோஜனம் கம்மி, வர்றதுக்கு முன்னாடியே மாத்தணும். ஆப்பிரிக்காவுல பழைய ஆளுங்க குழல பிடிச்சுக்கிட்டு பட்ட பின்னாடி விட்டு தோள்ல சாச்சு நடக்கிற படம் பாத்திருப்பீங்க, கனமான ரெட்டைக்குழல் ரைஃபிளுக்கு அது சுகம்தான், ஆனா குழல் முன்னாடி போற ஆள நேரா பாக்கும், நான் என் கூட வர்ற யாரையும் அப்படித் தூக்க விடுறதில்ல.

குழல் மேல பாக்க மாட்டினா மழை உள்ள போகும், கீழ பாக்க மாட்டினா குந்தும்போது சேத்துலயோ பனியிலயோ குத்தும், குழல்ல மண்ணோ பனியோ அடைச்சிருக்கும்போது சுட்டா குழல் வெடிக்கலாம். இங்க எல்லாரும் பண்றது குழல் வாயில எலக்ட்ரிக்கல் டேப் ஒரு துண்டு ஒட்டிடுறது, குண்டுக்கு முன்னாடி வர்ற காத்தே டேப்ப கிழிச்சுட்டுப் போயிடும், குறி மாறாது. டேப் மழைய நிறுத்தும், குத்தின மண்ண நிறுத்தாது, அதனால சந்தேகம்னா போல்ட்ட எடுத்து குழல் வழியா வெளிச்சம் தெரியுதான்னு பாத்துடுங்க.

நடையோட வேகம் பத்தி ஒண்ணு. நம்ம ஊர்ல பழைய ரோட்டோரம் ரெண்டு கல்ல நட்டு மேல ஒரு கல்ல படுக்க வெச்சிருப்பாங்களே, சுமைதாங்கி, தலைச்சுமைய யாரோட உதவியும் இல்லாம தோள் உயரத்துல இறக்கி வெச்சு மறுபடி ஏத்திக்கிறதுக்கு. சுமைய தரையில இறக்கி மறுபடி தூக்குறதுலதான் முதுகு போகும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் 50 நிமிஷம் நடந்தா 10 நிமிஷம் நிப்பேன், பைய தரையில வெக்காம இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறை, ஒரு விழுந்த மரம் தேடி அதுல சாச்சு கழட்டுவேன், மாட்டுறதும் அப்படியே. நின்ன உடனே ரெண்டு தோளையும் காது வரைக்கும் தூக்கி பொத்துன்னு விடுறது அஞ்சு தடவ. மரமரப்பு வர்ற ஆளுங்களுக்கு இந்தப் பத்து நிமிஷம் கட்டாயம்.

பழகுறதுக்கு ரைஃபிளோட ஊருக்குள்ள நடக்காதீங்க, போலீஸுக்கு போன் போகும். 5 லிட்டர் தண்ணி கேன் அப்படியே 5 கிலோ, அத ரைஃபிள் கட்டுற இடத்துலயே பைல கட்டிக்கிட்டு கிரைஸ்ட்சர்ச் பக்கத்துல போர்ட் ஹில்ஸ் மலையில பிரைடில் பாத்ங்கிற நடைபாதை ஏறி இறங்குங்க, வாரத்துக்கு ரெண்டு நாள், ஆறு வாரம். முதல் வாரம் பாதித் தண்ணி போதும். கேன்ல ஒரு சௌகரியம், மேல போய் முழங்கால் கெஞ்சினா தண்ணிய ஊத்திட்டு இறங்கலாம்.

இவ்வளவு பேசினதுக்கும் உண்மையான பரீட்சை திரும்பி வர்றப்பதான். ஒரு பொட்டை மானோட கறி எலும்ப எடுத்த பிறகே 25 கிலோவுக்கு மேல வரும். அந்தக் கனத்தோட, களைப்போட, இறக்கத்துல ரைஃபிள் தோள்ல தொங்கினா ஒவ்வொரு அடிக்கும் உங்கள பக்கவாட்டுல தள்ளும், நான் பாத்த வரைக்கும் ஆளுங்க விழுறது இந்த நேரத்துலதான். போல்ட் பாக்கெட்ல, ரைஃபிள் பையோட இறுக்கமா, ரெண்டு கையிலயும் ஊன்றுகோல். முடியலன்னா கறிய மரநிழல்ல துணியில கட்டித் தொங்கவிட்டுட்டு ரெண்டு நடையா கொண்டு வாங்க, அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. அந்த உயிர எடுத்தது நாம, கறிய வீணாக்கக் கூடாது, அதுக்கு நம்ம முதுகு முழுசா இருக்கணும்.

தார் பத்தி ஒரு வார்த்தை, நீங்க அடுத்த வருஷம் போகணும்னு எழுதியிருக்கீங்க. அது இமயமலை ஆடு, 1904ல பெட்ஃபோர்டு டியூக் அனுப்பின சிலத மவுண்ட் குக் பக்கம் விட்டாங்க, இன்னைக்கு சதர்ன் ஆல்ப்ஸ்ல ஆயிரக்கணக்குல இருக்கு. முதல் தடவ பாறை மேல ஒண்ணு நிக்கிறத பைனாகுலர்ல பாத்தப்ப எனக்குக் கை ஓடல, ஆழியாறுலேந்து வால்பாறை ஏறுற கொண்டை ஊசி வளைவுல பாத்த வரையாடு அப்படியே ஞாபகம் வந்துச்சு. 2005 வரைக்கும் ரெண்டையும் ஒரே பேரினம்னுதான் வெச்சிருந்தாங்க, மரபணு பாத்துதான் பிரிச்சாங்க. அங்க அத காப்பாத்த பாடுபடுறோம், இங்க அதோட சொந்தக்காரன் தொகைய குறைக்கச் சொல்றாங்க, ரெண்டும் அந்தந்த மலைக்காகத்தான்னு புரிஞ்சுக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. தாருக்கு ஏத்தம் 1000 மீட்டர் சாதாரணம், ஆத்தோர 14 கிலோமீட்டர்ல தோள் எரியுற வரைக்கும் அங்க போக வேண்டாம்.

கடைசியா ஆறு. குறுக்கா உடம்புல மாட்டின ஸ்லிங்கோட தண்ணியில இறங்கவே இறங்காதீங்க, கால் வழுக்கினா அந்த வார் கழுத்துலயும் கையிலயும் சுத்திக்கும், தண்ணிக்குள்ள அத கழட்ட நேரம் இருக்காது. சேம்பர் காலியான்னு பாத்துட்டு ரைஃபிள பையோட இறுக்கிக் கட்டிடுங்க, கையில கோல் மட்டும் இருக்கட்டும். தண்ணி தொடைக்கு மேல வந்தாலோ, கலங்கலா ஓடினாலோ கடக்காதீங்க, கரையிலயே டெண்ட் போட்டு காத்திருங்க, மலைமேல மழை நின்னா இங்க ஆறு அனேகமா மறுநாளுக்குள்ள இறங்கிடும்.